மணி அடிக்க வந்த தாத்தா!

ரிட்டயர் ஆனவர்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, ஆபீஸ் இருக்கிற திசையில் தலைவைத்துக்கூடப் படுக்காது. இரண்டாவது வகை, பென்ஷன் விஷயமாகப் போகிற சாக்கில் பழைய சீட் பக்கம் எட்டிப் பார்த்து, அங்கே உட்கார்ந்திருக்கும் புதுப் பையனிடம், ‘‘இந்த ஃபைலையெல்லாம் எங்க காலத்துல இப்படி வெக்க மாட்டோம் தம்பி’’ என்று ஆரம்பிக்கும். தம்பி ஒரு டீ வாங்கிக் கொடுத்து, வாசல்வரை வந்து பத்திரமாக அனுப்பிவைப்பான்.

மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. ரொம்ப அபூர்வம். அவர் பாட்டுக்கு வீட்டில் பேரப்பிள்ளைகளோடு இருப்பார். ஆபீஸ் கூரை பற்றி எரியும்போது, ‘‘நீங்க வந்தாத்தான் சார் ஆகும்’’ என்று அவர்களே கார் அனுப்புவார்கள்.

அந்த மூன்றாவது ரகத்தில் ஒரு தாத்தாதான் இந்த வார விருந்தாளி. பெயர் க்ளாடியோ ரனியேரி. ஊர், ரோமாபுரி. தொழில், ஃபுட்பால் கோச்.

‘‘ஐயய்யோ, ஃபுட்பாலா?’’ என்று பக்கத்தைப் புரட்டப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் பொறுக்கவும். ஆஃப்சைடு என்றால் என்னவென்று தெரியாமலே இந்தக் கதையைப் படித்து முடிக்கலாம். எனக்கே அது முழுசாகத் தெரியாது என்பது நமக்குள் இருக்கட்டும்.

*

2024 நவம்பர் மாதம். ரோம் நகரத்தின் செல்லப்பிள்ளையான ஏ.எஸ்.ரோமா டீம் தள்ளாடிக்கொண்டிருந்தது. இத்தாலியின் முதல் டிவிஷன் லீக்கில் மொத்தம் 20 டீம். ஜெயித்தால் 3 புள்ளி, டிரா செய்தால் 1, தோற்றால் பட்டை நாமம். 12 மேட்ச் முடிந்தபோது ரோமாவிடம் இருந்தது வெறும் 13 புள்ளி. 12-வது இடம். கடைசி மூன்று இடத்தில் முடித்தால் கீழ் டிவிஷனுக்கு இறக்கிவிடுவார்கள். அந்தப் பள்ளம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தது.

கோச் நாற்காலியோ மியூஸிகல் சேர் ஆகியிருந்தது. 2024 ஜனவரியில் ஜோஸ் மொரின்யோவை அனுப்பினார்கள். உலகப் புகழ்பெற்ற கோச். அவருக்குப் பதில் டேனியல் டி ரோஸியைக் கொண்டுவந்தார்கள். ரோமிலேயே பிறந்து, அதே டீமுக்கு 600 மேட்ச்சுக்கு மேல் ஆடியவர். ஊரே கொண்டாடியது. ஜூனில் அவருக்கு 2027 வரைக்கும் ஒப்பந்தம் போட்டார்கள். செப்டம்பர் 18-ல், புது சீஸனின் நாலே நாலு லீக் மேட்ச் முடிந்த நிலையில், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று வருஷ ஒப்பந்தத்தின் மை காய்ந்ததோ இல்லையோ!

அடுத்து வந்தவர் இவான் யூரிச். நவம்பர் 10-ம் தேதி சொந்த மைதானத்தில் போலோன்யாவிடம் 3-2 என்று தோற்றதும் அவருக்கும் டாட்டா. ஐம்பத்து சொச்சம் நாள்தான். நம் வீட்டுக்கு வந்த மாமனார்கூட அதைவிட அதிக நாள் தங்கியிருக்கிறார்.

ரசிகர்கள் முதலாளிகள் மேல் கொதித்துப்போயிருந்தார்கள். அப்போதுதான் போன் அடித்தது, ரனியேரி வீட்டில். அவருக்கு வயது 73. அந்த வருஷம் மே மாதம்தான் காக்லியாரி டீமைக் கீழே விழாமல் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு, ‘போதும்’ என்று விசிலைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தார். மறுபடி வருவதென்றால் காக்லியாரிக்கோ ரோமாவுக்கோதான், வேறு யார் கூப்பிட்டாலும் இல்லை என்று மனசுக்குள் முடிவு.

கூப்பிட்டது ரோமா. கிளம்பிவிட்டார்.

*

அவருக்கும் ரோமாவுக்கும் உள்ள உறவைச் சொல்ல வேண்டும். அப்பா கறிக்கடைக்காரர். பையனுக்கு ரோமா பைத்தியம். வளர்ந்து அதே டீமில் ஆட்டக்காரராகவும் சேர்ந்தார். ஆனால், 1973-74 சீஸனில் லீக்கில் ஆடியது ஆறே ஆறு மேட்ச். அதற்குப் பிறகு கேட்டன்ஸாரோ என்ற ஊருக்குப் போய் எட்டு வருஷம் டிஃபெண்டராக உழைத்தார். ஆசைப்பட்ட இடத்தில் ஆறு நாள், கிடைத்த இடத்தில் எட்டு வருஷம். நம்மில் பாதிப் பேர் கதை இதுதானே!

கோச்சாக முதல்முறை ரோமாவுக்கு வந்தது 2009 செப்டம்பரில். முதல் இரண்டு மேட்ச்சும் தோற்று நின்ற டீமைத் தூக்கி நிறுத்தி, 24 லீக் மேட்ச் தோல்வியே இல்லாமல் ஓட்டினார். 2010 ஏப்ரலில் இன்டர் மிலனைத் தள்ளிவிட்டு முதலிடத்துக்கே வந்துவிட்டார்.

அதே மாதம் பரம எதிரி லாட்ஸியோவுடன் மேட்ச். ஒரே ஊர், ஒரே மைதானம், இரண்டு டீம். ரோமில் அண்ணன் ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமும் இருந்தால் அன்றைக்கு வீட்டில் சமையல் கிடையாது. இடைவேளையில் ரோமா 1-0 பின்தங்கியிருந்தது. ரனியேரி என்ன செய்தார் தெரியுமா? ஊரே சாமியாகக் கும்பிடும் டோட்டியையும் டி ரோஸியையும் வெளியே உட்காரவைத்தார்! பழனிக் கோயிலில் முருகனைக் கொஞ்சம் ஓய்வெடுக்கச் சொன்ன மாதிரி. தோற்றிருந்தால் அவர் ஊருக்குள் நடமாடியிருக்க முடியாது. 2-1 ஜெயித்தார்.

ஆனால், ஒரே வாரத்தில் சாம்ப்டோரியாவிடம் சொந்த மண்ணில் தோல்வி. கடைசியில் இன்டருக்கு 82 புள்ளி, ரோமாவுக்கு 80. பட்டம் போச்சு. மறு வருஷம் பிப்ரவரியில் ஜெனோவாவோடு 3-0 முன்னிலையிலிருந்து 4-3 என்று தோற்றார்கள். ரனியேரி தானே ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டு நடந்தார்.

இரண்டாவது முறை, 2019 மார்ச். சீஸன் நடுவில் கோச் போய்விட்டார், கடைசி 12 மேட்ச்சை ஓட்டிக்கொடுங்கள் என்றார்கள். ஓட்டிக்கொடுத்தார். ஆறாவது இடம். அந்த மே மாதம் 26-ம் தேதி டி ரோஸி ரோமா ஆட்டக்காரராகக் கடைசி மேட்ச் ஆடியபோது வெளியே கோச்சாக நின்றவர் ரனியேரிதான். ரசிகர்கள் அவருக்கும் சேர்த்து நன்றி சொல்ல, மனுஷர் கண் கலங்கிவிட்டார். அதே டி ரோஸி தொடங்கி, பாதியில் பிடுங்கப்பட்ட சீஸனை முடித்துவைக்கத்தான் 2024-ல் மூன்றாம் முறை வந்தார். விதி சில நேரம் டி.வி. சீரியல் டைரக்டரைவிட அதிகமாகவே யோசிக்கிறது.

*

இந்தக் கதையை எதிர்வீட்டு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கும் ஒரு தர்மசங்கடம். பழைய ஸ்கூலிலிருந்து ஆள் வந்திருந்தது. பத்தாம் வகுப்பில் கணக்கில் ஏகப்பட்ட பேர் கோட்டை விட்டிருக்கிறார்கள், ஒரு வருஷம் மட்டும் வந்து நடத்திக் கொடுங்கள் என்று.

‘‘போனா என்ன சார்?’’ என்றேன்.

‘‘ஒரு தடவை மாலை போட்டு, சால்வை போர்த்தி, போட்டோ எடுத்து அனுப்பிச்ச இடம். அங்கே திரும்பப் போய், பசங்க மறுபடி ஃபெயிலானா? போட்ட மாலையைத் திருப்பிக் கேப்பாங்க சார்!’’

நியாயமான பயம்தான். ரனியேரிக்கே இந்த அனுபவம் உண்டு. ஸ்பெயினில் வலென்ஸியா டீமை நல்லபடியாக வளர்த்து, 1999-ல் அவர்களுக்குக் கோப்பையும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். 2004-ல் மறுபடி கூப்பிட்டார்கள். ஆசையாகப் போனார். 2005 பிப்ரவரியில் துரத்திவிட்டார்கள். ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பழைய இடம் என்பதற்காகப் பழைய மரியாதை தானாக வந்துவிடாது.

இன்னொன்று கேளுங்கள். 2014-ல் கிரீஸ் நாட்டு டீமுக்குக் கோச்சாகப் போனார். ஐம்பதாயிரம் பேர்கூட இல்லாத ஃபாரோ தீவுகளிடம் சொந்த மண்ணில் தோல்வி. நாலே மேட்ச்சில் சீட்டுக் கிழிந்தது. ‘இத்தோடு இவர் கதை முடிந்தது’ என்று எல்லோரும் எழுதிவைத்தார்கள். 2015-ல் இங்கிலாந்தில் லெஸ்டர் என்ற நோஞ்சான் டீம் இவரை எடுத்தது. அது பட்டம் வெல்லும் என்று பந்தயம் கட்டினால் ஒன்றுக்கு 5,000 தருவதாகச் சொன்னார்கள், சூதாட்டக் கம்பெனிக்காரர்கள். 2016 மே 2-ம் தேதி லெஸ்டர் சாம்பியன்! அன்று மத்தியானம் ரனியேரி எங்கே இருந்தார் என்கிறீர்கள்? இத்தாலிக்குப் பறந்துபோய், 96 வயது அம்மாவோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அங்கே ஒரு வேடிக்கை செய்வார். பிராக்டீஸில் பையன்கள் தூங்கி வழிந்தால், இல்லாத மணியைக் கையில் பிடித்து ஆட்டி ‘டில்லி டிங், டில்லி டாங்’ என்பார். எழுந்திருங்கப்பா என்று அர்த்தம். கிறிஸ்துமஸுக்கு ஆளுக்கொரு நிஜ மணியே வாங்கிக் கொடுத்தார். ‘கோல் வாங்காமல் ஒரு மேட்ச் ஜெயித்தால் பிட்ஸா வாங்கித் தருவேன்’ என்று ஆசை காட்டினார். ஜெயித்தார்கள். கடைக்கு அழைத்துப்போய், ‘மாவைப் பிசைந்து நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்’ என்றார். உழைக்காமல் எதுவும் கிடைக்காது என்பதைப் பிட்ஸா மாவில் பாடம் நடத்தியவர் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

அந்த லெஸ்டரும் ஒன்பதே மாதத்தில், 2017 பிப்ரவரியில், அவரை வேலையைவிட்டு எடுத்தது. மாலையைத் திருப்பிக் கேட்டார்கள்.

இதையெல்லாம் சொன்னதும் ஹெட்மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: ‘‘இவ்வளவு அவமானத்துக்கு அப்புறமும் ஏன் சார் போறார்?’’

சரியான கேள்வி.

*

பதிலுக்கு, வந்து என்ன செய்தார் என்று பார்ப்போம். மந்திரம் ஒன்றும் போடவில்லை. முதல் மேட்ச் நேப்போலியிடம் 1-0 தோல்வி. அடுத்த லீக் மேட்ச் அடலாண்டாவிடம் தோல்வி. டிசம்பர் 15-ல், அப்போதுதான் மேல் டிவிஷனுக்கு வந்திருந்த கோமோவிடமும் தோல்வி. முதல் நாலு லீக் மேட்ச்சில் மூன்று தோல்வி! சினிமாவாக இருந்தால் ஹீரோ வந்திறங்கிய உடனே சண்டைக் காட்சி வரும். இங்கே ஹீரோ அடிவாங்கிக்கொண்டிருந்தார்.

ஆனால், ஒரு காரியம் நடந்துகொண்டிருந்தது. தாத்தா பரணில் ஏறிப் பார்த்தார். அங்கே வெள்ளிப் பாத்திரமெல்லாம் தூசி படிந்து கிடந்தது. மாட்ஸ் ஹும்மல்ஸ், 2014-ல் ஜெர்மனிக்காக உலகக் கோப்பை வென்றவர். லியாண்ட்ரோ பரேதெஸ், 2022-ல் அர்ஜென்டினாவுக்காக வென்றவர். இரண்டு பேரும் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளித் தட்டைப் பரணில் போட்டுவிட்டு, வந்த விருந்தாளிக்குப் பிளாஸ்டிக் தட்டில் சோறு போட்ட கதை. இறக்கினார், புளி போட்டுத் தேய்த்தார், பந்தியில் வைத்தார். ஹும்மல்ஸ் டிஃபென்ஸுக்கு நடுவில் தூணாக நின்றார். பரேதெஸ் நடு மைதானத்தில் டிராஃபிக் போலீஸ் ஆனார்.

அடுத்தது பெல்லெக்ரினி விவகாரம். ரோமிலேயே பிறந்த கேப்டன். சொந்த ஊர் ரசிகர்களே அவரைப் பார்த்து ஊளையிட்டார்கள். பந்து காலுக்கு வந்தாலே விசில், கூச்சல். ரனியேரி அவரைச் சில மேட்ச்சுக்குப் பெஞ்சில் உட்காரவைத்தார். ஒதுக்கிவிட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2025 ஜனவரி 5, மறுபடி லாட்ஸியோவோடு மேட்ச். எல்லோரும் எதிர்பாராதபடி, முதல் பதினோரு பேரில் பெல்லெக்ரினி!

நம் கடிகாரத்துக்கு ராத்திரி ஒண்ணேகால் மணி. சத்தத்தை நிறுத்திவிட்டு டி.வி. பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க வந்த என் மனைவி நின்றாள்.

‘‘ஏங்க, தூங்கலையா? யாரு அந்தப் பையன்? முகமே செத்துப் போயிருக்கே!’’

‘‘கேப்டன். ஊர்க்காரங்க ரொம்பத் திட்டிட்டாங்க.’’

பத்தாவது நிமிஷம் பெல்லெக்ரினி கோல் அடித்தார். மைதானம் வெடித்தது. எங்கள் வீட்டில் சத்தம் இல்லாமலே வெடித்தது. இன்னும் சில நிமிஷத்தில் ஸாலமேக்கர்ஸ் இன்னொன்று. 2-0.

‘‘திட்டினவங்கதானே இப்ப கத்துறாங்க?’’ என்றாள் மனைவி. ‘‘வெளியில உக்கார வெச்சப்பவும் அவனைக் கைவிடலைன்னு அந்தப் பெரியவர் காட்டிட்டார் பாருங்க. அதான் வேலை பண்ணியிருக்கு.’’ சொல்லிவிட்டுச் செம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வாராவாரம் விமர்சனம் எழுதுகிறவர்கள் நாலு பக்கத்தில் எழுதியதை அவள் நாலு வரியில் சொன்னாள்.

கோமோவிடம் தோற்றபின் 2024 டிசம்பர் 22 முதல் 2025 மே 4 வரை லீக்கில் 19 மேட்ச். ஒன்றில்கூடத் தோல்வி இல்லை. 14 வெற்றி, 5 டிரா. அந்த 14-ல் எட்டு வெற்றி 1-0 கணக்கு! பார்க்கிறவனுக்குக் கொட்டாவி, புள்ளிப் பட்டியலுக்குக் கொழுப்பு. உஸ்பெகிஸ்தான்காரர் ஷொமுரொடோவ் இருக்கிறார் என்பதே பலருக்கு மறந்திருந்தது. யுவென்டஸ் மேட்ச்சில் இடைவேளைக்குப் பின் அவரை இறக்கினார். நாலாவது நிமிஷத்தில் சமன் செய்தார். மார்ச்சில் நட்சத்திர ஆட்டக்காரர் டிபாலா காயத்தால் சீஸனையே இழந்தபோதும் வண்டி நிற்கவில்லை.

எல்லாமே இனிப்பு இல்லை. அதே மார்ச்சில் ஐரோப்பா லீக்கில் பில்பாவ் ஊரில் ஹும்மல்ஸ் 11-வது நிமிஷமே சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். 3-1 தோல்வி. அந்தப் போட்டி அத்தோடு சரி. வெள்ளிப் பாத்திரமும் சில நேரம் கை நழுவும்.

*

இப்போது வட்டியும் முதலுமாக ஒரு கணக்கு. 2010-ல் ரனியேரியின் பட்டத்தை இரண்டு புள்ளியில் தட்டிப் பறித்தது இன்டர் மிலன் இல்லையா? 2025 ஏப்ரல் 27. பட்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்த இன்டரை அவர்கள் மைதானத்திலேயே ரோமா 1-0 என்று சாய்த்தது. சீஸன் முடிவில் நேப்போலிக்கு 82, இன்டருக்கு 81. ஒரே புள்ளியில் இன்டர் பட்டத்தை விட்டது! பதினைந்து வருஷம் கழித்து வந்து சேர்ந்த மணியார்டர்.

ஆனால், அதே ஒரு புள்ளி தாத்தாவையும் விடவில்லை. கடைசி நாளில் டொரினோவை 2-0 ஜெயித்தும், ரோமாவுக்கு 69, யுவென்டஸுக்கு 70. முதல் நாலு டீமுக்குத்தான் சாம்பியன்ஸ் லீக். ரோமா ஐந்தாவது. கோப்பை இல்லை, சாம்பியன்ஸ் லீக் இல்லை. ஐரோப்பா லீக்தான்.

பிறகு என்ன சாதித்தார் என்கிறீர்களா? காகிதமும் பென்சிலும் எடுங்கள். அவர் வருவதற்கு முன் 12 மேட்ச்சில் 13 புள்ளி. வந்தபின் 26 மேட்ச்சில் 56. இதே வேகத்தில் 38 மேட்ச்சும் ஓடியிருந்தால் ஏறக்குறைய 82 வருகிறது. அதாவது, சாம்பியன் நேப்போலி எடுத்த அதே 82! ஆட்டக்காரர்கள் அதே ஆட்கள். மைதானம் அதே மைதானம். பள்ளத்துக்குப் பக்கத்தில் நின்றதும் அவர்கள்தான், சாம்பியன் வேகத்தில் ஓடியதும் அவர்கள்தான்.

மே 18-ல் சொந்த மைதானத்தில் கடைசி மேட்ச். ஏ.சி.மிலனை 3-1 ஜெயித்தார்கள். பரணிலிருந்து இறக்கிய பரேதெஸ் ஃப்ரீகிக்கில் ஒரு கோல். ஐந்தாவது இடத்து கோச்சுக்கு, பட்டம் வென்ற ராஜாவுக்குச் செய்கிற மரியாதையைச் செய்தது ஊர். ஆறே மேட்ச்சோடு அனுப்பப்பட்ட கறிக்கடைக்காரர் மகனுக்கு.

ஹெட்மாஸ்டர் கேட்ட கேள்விக்குப் பதில் இதில் எங்கேயோ இருக்கிறது என்று நினைக்கிறேன். மாலைக்காகப் போகிறவருக்குத்தான், திருப்பிக் கேட்பார்களோ என்ற பயம். ரனியேரி மாலைக்காகப் போகவில்லை. சொந்த வீடு ஒழுகுகிறது, ஏணி எடுத்துக்கொண்டு போனார். ஓட்டை மாற்றினார். இறங்கிவிட்டார்.

இறங்கத் தெரிந்ததுதான் இன்னும் விசேஷம். முதலிலேயே பேச்சு, ஒரு சீஸன்தான், அப்புறம் ஆலோசகர் என்று. அதன்படியே கோச் நாற்காலியைக் கஸ்பெரினியிடம் கொடுத்தார். அடுத்த மாதமே, 2025 ஜூனில், இத்தாலி நாட்டு டீம் நார்வேயிடம் 3-0 உதை வாங்கித் தள்ளாடியது. கார் மறுபடி வாசலுக்கு வந்தது. இந்த முறை அனுப்பியது ஊர் இல்லை, தேசம். எந்த இத்தாலிய கோச்சும் கனவு காணும் நாற்காலி.

நன்றி சொல்லி, காரைத் திருப்பி அனுப்பிவிட்டார். ரோமாவுக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்தாயிற்றாம்!